புது வடிவ ஹைப்ரிட் குடும்பக் காரை எடைபோடுவது எப்படி: தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேரா மாநிலத்தின் தாப்பா, பீடோர் பக்கம் இருப்பவர்கள் நடுத்தர அளவு ஹைப்ரிட் செடான் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வாங்க நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈப்போ ஷோரூமுக்குப் போய்த்தான் தொடங்குகிறார்கள். உறவிலும் அக்கம்பக்கத்திலுமாக ஏழெட்டுப் பேருடன் அப்படிப் போயிருக்கிறேன். எனக்காகவும் ஒருமுறை போனேன். ஒவ்வொரு முறையும் சறுக்கியது வரிசையில்தான். காரைப் பார்த்த பிறகு கணக்குப் போட்டால், கணக்கு காருக்குத் தகுந்தாற்போல் வளைந்து கொடுத்துவிடும். அதனால் இங்கே ஷோரூம் நான்காவது படியில்தான் வருகிறது.

உதாரணத்துக்கு டொயோட்டா கேம்ரியை அதிகம் எடுத்துக்கொள்கிறேன். புது வடிவில் வந்த ஹைப்ரிட் குடும்பக் காருக்கு அது நல்ல மாதிரி. வேறு கார் பார்க்கிறவர்களுக்கும் படிகள் இதேதான்.

1. இரண்டு வாரம் ஒரு நோட்டு

இப்போது ஓட்டும் காரில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, உள்ளே எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாலையை மூன்றாகப் பிரித்தால் போதும்: ஊருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும், பழைய கூட்டரசு சாலை, பிளஸ் நெடுஞ்சாலை.

காரணம் இருக்கிறது. ஹைப்ரிட் கார் எண்ணெயை மிச்சப்படுத்துவது, நீங்கள் வேகம் குறைக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து பேட்டரியில் போட்டு, மறுபடி நகரும்போது கொடுப்பதால்தான். செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் நகர்ந்து, வளைவில் பிரேக் பிடித்து, பள்ளி வாசலில் நின்று போகிறவருக்கு அது நிறையக் கொடுக்கும். வாரா வாரம் கோலாலம்பூருக்கு 110-ல் ஒரே சீராகப் போய் வருகிறவருக்குப் பிடித்துக் கொடுக்க அதனிடம் பெரிதாக எதுவும் இருக்காது. மிச்சம் இருக்கும், ஆனால் பேச்சில் கேட்ட அளவுக்கு இருக்காது.

அதே இரண்டு வாரத்தில் உங்கள் காரின் உண்மையான எண்ணெய்க் கணக்கையும் எடுத்துவிடுங்கள். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ஓட்டி, அதே நிலையத்தில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். டாஷ்போர்டு காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல கார்கள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகத்தான் சொல்லிக்கொள்ளும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நோட்டு இல்லாமல் போனால், சேல்ஸ்மேன் சொல்கிற எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

2. கணக்கை வீட்டிலேயே முடியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கலாம், பலருடைய மனம் மாறுவது இங்கேதான்.

முதலில் எண்ணெய். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். இப்போதைய கார் லிட்டருக்கு 11 கிமீ, ஹைப்ரிட் 19 கிமீ. பழைய கார் சுமார் 1,636 லிட்டர் குடிக்கும், ஹைப்ரிட் 947 லிட்டர். வித்தியாசம் 689 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ல் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின், லிட்டருக்கு 1.99 வெள்ளி விலையில் போட்டால், ஆண்டுக்கு 1,371 வெள்ளி மிச்சம். மானியமில்லாமல் அப்போது இருந்த 2.60 என்று போட்டாலும் 1,791 வெள்ளிதான். நீங்கள் செய்யும்போது அன்றைய விலையையும் உங்கள் நோட்டில் இருக்கும் கிலோமீட்டரையும் போடுங்கள்.

என் மைத்துனர் அமெரிக்கக் காணொளிகளாகப் பார்த்துவிட்டு, "மூணு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்" என்றார். அங்கே ஒரு லிட்டர் நம் மானிய விலையைவிட அதிகம். நமக்கு எண்ணெய் மலிவு, அதனால் ஹைப்ரிட் காசைத் திருப்பிக் கொடுப்பதும் மெதுவாகத்தான் நடக்கும். அதே அளவு சாதாரணக் காரைவிட ஹைப்ரிட் 15,000 வெள்ளி அதிகம் என்றால், மேலே போட்ட கணக்குப்படி ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். கடனே ஒன்பது ஆண்டில் முடிந்துவிடும்.

அடுத்து ரோட்டெக்ஸ். இதைப் பலர் மறந்தே போகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்குத் தற்போதைய கட்டணம் இன்ஜின் சிசியை வைத்துத்தான் வருகிறது, ஹைப்ரிட் என்பதற்காக இன்ஜின் சின்னதாகிவிடாது. கேம்ரி ஹைப்ரிடின் இன்ஜின் 2,487 சிசி. 2,000 சிசிக்கு மேல் அடிப்படை 380 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி. ஆக 867 வெள்ளி. 1,993 சிசி இன்ஜின் உள்ள ஹைப்ரிடுக்கு 280 வெள்ளியும், 1,800-க்கு மேல் சிசிக்கு 50 காசும் சேர்த்து 376.50 வெள்ளி. நீங்கள் இப்போது ஓட்டுவது 1,500 சிசி கார் என்றால் கட்டுவது 90 வெள்ளி.

90-லிருந்து 867-க்குப் போனால் ஆண்டுக்கு 777 வெள்ளி கூடுதல். எண்ணெயில் மிச்சமான 1,371-ல் பாதிக்கு மேல் ரோட்டெக்ஸிலேயே போய்விடுகிறது. இதைச் சொன்னால் சேல்ஸ்மேன் முகம் மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாதத் தவணை. ஒரு பேச்சுக்கு 150,000 வெள்ளி கடன், 3 விழுக்காடு நேர்வட்டி என்று வைத்துப் பாருங்கள். ஒன்பது ஆண்டுக்கு வட்டி 40,500, மாதம் சுமார் 1,764. ஏழு ஆண்டுக்கு வட்டி 31,500, மாதம் சுமார் 2,161. பேங்க் சொல்லும் வட்டி நேர்வட்டியா, அசல் குறையக் குறையக் குறைகிற வட்டியா என்று கட்டாயம் கேளுங்கள். விழுக்காட்டு எண் ஒன்றாக இருந்தாலும் கட்டுகிற தொகை வெவ்வேறாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஹைப்ரிட் வேண்டும் என்று தோன்றினால், அது நல்ல காரணமாகவே இருக்கலாம். அமைதி, பள்ளி வாசலில் இன்ஜின் ஓடாமலே குளிரும் ஏர்கண்டிஷன், எண்ணெய் நிலையத்துக்குப் போகிற தடவைகள் குறைவது, எல்லாம் உண்மையான சுகங்கள். காசு மிச்சம் என்று சொல்லிக்கொண்டு மட்டும் வாங்காதீர்கள்.

3. 'புதுசு' எதுவரைக்கும் என்று பிரித்துப் பாருங்கள்

புது வடிவம் என்றால் எல்லாமே புதிது என்று அர்த்தமில்லை. முகம், விளக்கு, டாஷ்போர்டு, திரை மாறியிருக்கும். அடித்தளம் பழையதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தால்தான் எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்கலாம் என்று தெரியும்.

2023 நவம்பரில் அறிமுகமான ஒன்பதாம் தலைமுறை கேம்ரியையே பாருங்கள். வெளித்தோற்றமும் உள்ளறையும் புதிது, ஹைப்ரிட் முறை டொயோட்டாவின் ஐந்தாம் தலைமுறை. ஆனால் அடித்தளம் முந்திய கேம்ரியின் அதே டிஎன்ஜிஏ-கே. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் அதே 2,825 மில்லிமீட்டர். அதனால் பின் இருக்கையில் கால் வைக்கும் இடம் புதிதாக முளைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய அடித்தளத்தில் ஓர் ஆறுதல், கீழ்ப்பக்க வேலைகள் ஒர்க்‌ஷாப்புக்குப் பழகியவை.

ஆகவே பழைய மாடலின் விவரத் தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறாத எண்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். நான் முதலில் பார்ப்பது சக்கர இடைவெளி, இன்ஜின் சிசி, பின்பக்கச் சாமான் பெட்டியின் கொள்ளளவு, டயர் அளவு.

ஒரு காரை வைத்து அமெரிக்க விமர்சனம், தாய்லாந்து விமர்சனம், நம் ஊர் விமர்சனம் எல்லாம் வரும். பெயர் ஒன்றுதான், சாமான் ஒன்றல்ல. சக்தி, டயர், பாதுகாப்புக் கருவிகள் நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் விற்கும் வகையின் தாளை மட்டும் நம்புங்கள்.

டயர் அளவை ஏன் வட்டமிடச் சொல்கிறேன் என்றால், லிட்டருக்கு ஓடும் தூரத்தையே அது மாற்றும். அமெரிக்க அரசுச் சோதனையில் இந்தக் கேம்ரியின் 16 அங்குலச் சக்கரம் கொண்ட அடிப்படை வகை கேலனுக்கு 51 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 21.7 கிமீ. பெரிய சக்கரமும் கூடுதல் சாமானும் உள்ள உயர்ந்த வகை, அதே முன்சக்கர இயக்கத்தில் 47 மைல், சுமார் 20 கிமீ. விளம்பரத்தில் வருவது முதல் எண். ஷோரூம் நடுவில் நிற்பது இரண்டாவது கார்.

4. ஷோரூமில் முதலில் உட்காருங்கள், ஓட்டாதீர்கள்

ஓட்டிவிட்டால் மனம் சாய்ந்துவிடும். அதனால் சாவியைக் கேட்கும் முன்பு முக்கால் மணி நேரம் நிற்கிற காருக்குள்ளேயே செலவிடுங்கள். ஞாயிறு வேண்டாம், வார நாளில் போங்கள். கூட்டமில்லாவிட்டால்தான் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் பாதுகாப்பு இருக்கை, அளவு நாடா, பாட்டி இருந்தால் பாட்டி. கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. புது செடான்களின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது, பார்க்க அழகுதான். ஆனால் சேலை கட்டிய பெரியவர் பின் கதவு வழியாகக் குனிந்து ஏறும்போது தலை இடிப்பது அந்தச் சரிவில்தான். எங்கள் அத்தையை மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னோம். முதல் முறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் முன்னாடியே ஒக்காந்துக்கிறேன்" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின் இருக்கையில் மூன்று பெரியவர்களை உட்கார வையுங்கள். நடுவில் இருப்பவரின் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். முன் இருக்கையை உங்கள் உயரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்ட பிறகு பார்க்க வேண்டும். ஷோரூமில் அது எப்போதும் முன்னால் தள்ளியே இருக்கும், பின்னால் இடம் அதிகமாகத் தெரியட்டும் என்று.

பிள்ளை இருக்கையை நீங்களே மாட்டிப் பாருங்கள், சேல்ஸ்மேனை மாட்ட விடாதீர்கள். 2020 முதல் நம் நாட்டில் அது சட்டப்படி கட்டாயம். தினமும் மாட்டிக் கழற்றப் போவது நீங்கள். கொக்கி இருக்கும் இடம் மெத்தைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் விரல்தான் வலிக்கும்.

அப்புறம் பின் இருக்கையின் கீழேயோ பக்கவாட்டிலோ கம்பி வலை போட்ட சின்னத் துவாரம் இருக்கிறதா என்று தேடுங்கள். காற்றால் குளிரும் ஹைப்ரிட் பேட்டரிக்குக் காற்று போவது அதன் வழியாகத்தான். பள்ளிப் பையோ தலையணையோ அதை அடைத்துக்கொண்டிருந்தால் பேட்டரி சூடாகும், அதன் ஆயுளும் குறையும். உள்ளே ஒரு வடிகட்டி இருக்கும், செம்மண் தூசியில் ஓடுகிற கார் என்றால் அதை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். புதிதாக வாங்கிய பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இந்தத் துவாரம் எங்கே என்று தெரிந்து நான் பார்த்ததில்லை.

பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து அதன் தரையைத் தூக்குங்கள். மாற்று டயர் இருக்கிறதா, அல்லது பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றுப் பம்பும் மட்டுமா? பல ஹைப்ரிட்களில் பசைதான். செம்பனை மட்டை முள் டயர் முகத்தில் குத்தினால் பசை சமாளிக்கும். குழியில் விழுந்து டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் பசையால் ஒன்றும் ஆகாது. ராத்திரி எட்டு மணிக்குத் தோட்டத்துக்குள் நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

5. ஸ்டார்ட் பட்டன்: எல்லோரும் தடுமாறும் இடம்

பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் வராது. இன்ஜின் கிளம்பவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள், கார் அணைந்துவிடும். மூன்றாவது முறை அழுத்திவிட்டு, "கெட்டுப்போச்சா?" என்பார்கள். பார்க்க வேண்டியது 'ரெடி' என்ற விளக்கு ஒன்றைத்தான். அது எரிந்தால் கார் நகரத் தயார்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. கடை வாசலில் நிறுத்திவிட்டு, சத்தமில்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கிவிடுவார்கள். உள்ளே பிள்ளை இருக்கும், கார் ரெடியிலேயே இருக்கும். வீட்டில் யார் யார் ஓட்டப் போகிறார்களோ, அத்தனை பேரையும் ஷோரூமிலேயே ஐந்து முறை ஆன் செய்து அணைக்கச் சொல்லுங்கள். சின்னப் பயிற்சிதான், கூச்சப்பட வேண்டாம்.

சிவப்பு விளக்கில் கியரை நியூட்ரலில் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. டொயோட்டா ஹைப்ரிட் முறையில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது, ஏர்கண்டிஷன் மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். நெரிசலில் டி-யிலேயே பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள். நீண்ட நேரம் என்றால் பார்க்கில் (P) போடுங்கள்.

6. ஓட்டிப் பார்ப்பது: பாதையை நீங்கள் சொல்லுங்கள்

ஷோரூம் பாதை பத்து நிமிடம், சமதளம், நல்ல தார். அதில் எல்லா காரும் நன்றாகத்தான் ஓடும். முன்கூட்டியே போன் செய்து ஒரு மணி நேரம் கேளுங்கள். வெறும் காரில் போகாதீர்கள், வீட்டார் நால்வரோடு போங்கள். எடை ஏறினால்தான் கார் தன் குணத்தைக் காட்டும்.

முதலில் மெதுவான ஓட்டம். குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 20, 30-ல் போய்ப் பாருங்கள். மின்மோட்டாரிலிருந்து இன்ஜினுக்கு மாறும்போது உதறல் தெரிகிறதா? மெதுவாக நிறுத்தும்போது, கடைசி இரண்டு மீட்டரில் பிரேக் திடீரென்று கடிக்கிறதா? மோட்டார் பிடிக்கும் பிரேக்கும் சாதாரண பிரேக்கும் கை மாறுவது அந்த இடத்தில்தான். நல்ல காரில் அது தெரியாது. முதல் நாள் கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை, கால் பழகிவிடும். ஒவ்வொரு முறையும் தலை முன்னால் போனால் பழகாது.

அடுத்து மேடுபள்ளம். ஊர்க்காரர்களே போட்ட அந்த உயரமான வேகத்தடை ஒன்றைத் தேடிப்பிடித்து, நால்வரோடு மெதுவாக ஏறி இறங்குங்கள். அடியில் உரசுகிற சத்தம் வந்தால், உங்கள் வீட்டுப் பாதையில் அதைத் தினமும் கேட்பீர்கள். செடானுக்குத் தரை இடைவெளி எப்போதுமே குறைவு, பின் இருக்கை நிறைந்தால் இன்னும் குறையும்.

அப்புறம் ஏற்றம். நம் பக்கத்தவர்களுக்கு இது முக்கியம், உறவினர் பாதிப் பேர் கேமரன் மலையில் இருப்பார்கள், இல்லையென்றால் காய்கறிக்காவது போவோம். தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் வழியாக ரிங்லெட்டுக்கு ஏறும் 59-ஆம் சாலை ஹைப்ரிடுக்குச் சரியான பரீட்சை. ஷோரூம் கார் அவ்வளவு தூரம் வராது. ஈப்போவில் கேட்டால், வடக்கே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் நெடுஞ்சாலை வரை விடுவார்கள், அதுவும் போதும். நீண்ட ஏற்றத்தில் பேட்டரி இறங்கிவிடும், சுமையை இன்ஜின் இழுக்கும். கியர் மாறாமல் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும். அது கோளாறு அல்ல, ஆனால் அந்தச் சத்தத்தோடு நாற்பது நிமிடம் இருக்க முடியுமா என்பதை உங்கள் காது சொல்ல வேண்டும்.

இறக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. மலையிலிருந்து இறங்கும்போது பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு சக்தியைப் போட இடமில்லை. உடனே இன்ஜின் எண்ணெய் குடிக்காமலே வேகமாகச் சுழன்று காரைப் பிடிக்கும். அதைக் கேட்டுப் பயந்து, காரை ஓரங்கட்டிப் போன் போட்டவர்கள் உண்டு. மாடலைப் பொறுத்து 'B' எழுத்துள்ள கியர் நிலையோ, ஸ்டீயரிங் பின்னால் சின்னத் துடுப்புகளோ இருக்கும். இறக்கத்தில் அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்கக் கூடாது.

கடைசியில் நெடுஞ்சாலை. இங்கே ஹைப்ரிட் முறைக்கு முறை வித்தியாசம் தெரியும். டொயோட்டாவில் இன்ஜினும் மோட்டாரும் ஒரு கியர்த் தொகுதி வழியாக எப்போதும் இணைந்தே இருக்கும். ஹோண்டாவின் இரட்டை மோட்டார் முறையில், ஊருக்குள் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் மட்டும் எடுக்கும், மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். நெடுஞ்சாலையின் சீரான வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 90-லிருந்து 110-க்கு முந்திப் போகிற மாதிரி மிதித்து, எந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். டயர் இரைச்சலையும் கேளுங்கள், இன்ஜின் அமைதியாக இருப்பதால் அது பெரிதாகக் கேட்கும்.

ஓட்டும்போது வானொலி வேண்டாம். சேல்ஸ்மேன் போட்டால் அணையுங்கள்.

7. பாதுகாப்பு

மோதல் சோதனையில் காருக்குக் கிடைக்கும் ஆசியான் என்கேப் நட்சத்திரத்தைப் பார்க்கும்போது சோதித்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். விதிமுறை அவ்வப்போது கடுமையாகிறது. 2021 முதல் 2025 வரையிலான விதிமுறையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாப்புக்கும் மதிப்பெண் வந்தது. அதனால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. பழைய மாடலுக்குக் கிடைத்த நட்சத்திரத்தைப் புது மாடலின் பெயரில் சொல்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

விடியற்காலையில் விளக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள் ஓடும் ஊர் இது. பக்கக் கண்ணாடியில் தெரியாத வண்டியைச் சொல்லும் மறைவிட எச்சரிக்கை இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், திரை பெரிதாக இருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். சாலைக் கோட்டைப் பார்த்துக் காரைத் திருத்தும் கருவி பழைய சாலையில் அவ்வளவு உதவாது, கோடே அழிந்துகிடக்கும். அதை எப்படி அணைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

8. ஊர் போர்மனிடம் ஒரு வார்த்தை

வாங்கும் முன்பே உங்கள் வழக்கமான போர்மனைப் பாருங்கள். இன்ஜின் எண்ணெய், டயர், பிரேக், ஏர்கண்டிஷன் வடிகட்டி எல்லாம் அவர் பார்ப்பார். ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கும் இடத்தில் மட்டும், பயிற்சி பெறாத யாரும் கை வைக்கக் கூடாது. அது உயர் மின்னழுத்தக் கம்பி. அந்த வேலைக்கு ஹைப்ரிட் பயிற்சி பெற்றவர் இருக்கும் சர்வீஸ் மையம் எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஹைப்ரிட் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் அது இறங்கியிருக்கலாம். அப்போது பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் 'ரெடி' வராது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. அந்தச் சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, சாமான் பெட்டியிலா பானட்டுக்குள்ளா, வேறு காரிலிருந்து கம்பி கொடுக்கும் முனை எது என்று ஷோரூமிலேயே காட்டச் சொல்லுங்கள்.

கார் நின்றுவிட்டால் முன் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது. சக்கரத்தோடு மோட்டார் இணைந்திருப்பதால், உருண்டால் அது மின்சாரம் உண்டாக்கும். முழுக் காரையும் ஏற்றும் தட்டு லாரிதான் வேண்டும். இன்சூரன்ஸ் தரும் இலவச இழுவை அப்படிப்பட்ட லாரியா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேளுங்கள்.

புது வடிவம் வந்த முதல் ஆறு மாதம் பொறுப்பது நல்லது என்பது என் கருத்து. கார் மோசமாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, உதிரிப் பொருள் ஊருக்கு வந்து சேர நாளாகும். அறிமுகமான சில வாரத்திலேயே ஒரு புது மாடல் வாங்கிய உறவினர் ஒருவருக்கு, லாரியிலிருந்து தெறித்த கல்லில் முன் கண்ணாடி வெடித்தது. மாற்றுக் கண்ணாடி வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை டேப் ஒட்டி ஓட்டினார். புதுக் கார்!

9. இன்சூரன்ஸ், பதிவுப் பணம், டெலிவரி

இன்சூரன்ஸ் விலை கேட்கும்போது கண்ணாடிக் காப்பையும் வெள்ளக் காப்பையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண முழுக் காப்பில் இவை இரண்டும் தானாக வராது. பேட்டரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் காரில் தண்ணீர் புகுந்தால் செலவு தாங்காது. பழைய காரின் என்சிடி (இழப்பீடு கோராததற்கான கழிவு) 55 விழுக்காடு வரை இருந்தால், அதைப் புதுக் காருக்கு மாற்ற மறக்காதீர்கள்.

ஹைப்ரிட் பேட்டரியின் உத்தரவாதம் காரின் உத்தரவாதத்திலிருந்து வேறானது. எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதோடு முடிகிறதா, வெளியே சர்வீஸ் செய்தால் இரத்தாகுமா என்பதை உத்தரவாதப் புத்தகத்தில் படித்துப் பாருங்கள். வாயால் சொல்வது கணக்கில் வராது.

பதிவுப் பணம் கொடுக்கும்போது ரசீதில் மாடல் வகை, நிறம், தயாரித்த ஆண்டு, இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருள்கள், கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அண்ணே, நம்மளுக்குள்ள என்னண்ணே" என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

டெலிவரிக்குக் காலையில் போங்கள், மழை என்றால் இன்னொரு நாள் கேளுங்கள். ஈரத்திலும் குழல் விளக்கிலும் பெயிண்ட் கீறல் கண்ணுக்குப் படாது. டயரின் பக்கவாட்டில் தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 1525 என்றால் 2025-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தவையா என்று பார்த்துவிட்டு, டேங்கை நிரப்பி, பழைய நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அன்றைய கிலோமீட்டரை எழுதுங்கள்.